வளரும் பிள்ளைக்கு காம்பவுண்ட் வில்: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில், விற்கும் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண். "5 முதல் 70 பவுண்டு வரை." நாணை இழுக்கத் தேவைப்படும் பாரம் அது. எழுபது வரை போகும் என்றால் பிள்ளை காலேஜ் முடிக்கும்வரை இந்த ஒரு வில் போதும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி போட்டியில் காம்பவுண்ட் வில்லின் உச்ச இழுவை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. எழுபது என்பது மான் வேட்டைக்குப் போகும் அமெரிக்கர்களை மனதில் வைத்துப் போட்ட எண். இங்கே வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆக, நீலகிரியில் அந்தப் பெரிய எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது அதே வரியில் முன்னால் நிற்கும் சிறிய எண்ணை.

அது மட்டும் போதாது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்துகொண்டு, ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் மலை இறங்கிக்கொண்டிருக்க முடியாது. வீட்டிலேயே ஒரு ஆலன் கீயை வைத்துத் திருத்தக்கூடிய வில்லாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பிராண்டு, நிறம், வேகம் எல்லாம் பிறகு.

வில் எப்படி வேலை செய்கிறது

வில்லின் இரு முனையிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் இருக்கும். அவை முழு வட்டமாக இருக்காது, கோணலாக வெட்டப்பட்டிருக்கும். நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். உச்சத்தைத் தாண்டியதும் கேம் புரண்டு, பாரம் சட்டென்று இறங்கிவிடும். அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

உச்சப் பாரம்தான் டிரா வெயிட். அதிலிருந்து இறங்கும் சதவீதம் லெட்-ஆஃப். 30 பவுண்டு வில்லுக்கு 75 சதவீத லெட்-ஆஃப் என்றால், முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது ஏழரை பவுண்டுதான். முழு இழுவை எங்கே நிற்க வேண்டும் என்பதையும் கேமே தீர்மானிக்கிறது. ஒரு சுவரில் முட்டுவதுபோல் நாண் அங்கே நின்றுவிடும். அந்த தூரம் டிரா லெங்த். சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லை அவரவர் கை நீளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டில் அது நடக்காது, வில்லை ஆளுக்கேற்பத் திருத்தியே ஆக வேண்டும். வருஷத்துக்கு வருஷம் கை நீளும் பிள்ளைகளுக்கு அட்ஜஸ்டபிள் வில் தேவைப்படுவது இதனால்தான்.

கோச்சிடம் முதலில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிள்ளை எந்தப் பிரிவில் ஆடப்போகிறான்? நம் நாட்டில் மூங்கில் வில்லோடு ஆடும் இந்தியன் ரவுண்டு தனி, ரிகர்வ் தனி, காம்பவுண்ட் தனி. ஒலிம்பிக்கில் இதுவரை காம்பவுண்ட் இருந்ததில்லை, இப்போது ஆடுவது ரிகர்வ்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவும் சேர்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. அதே வருஷம் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதில் உலக சாம்பியன் ஆனார். பிள்ளைகள் "எனக்கு அந்தச் சக்கரம் வைத்த வில்தான் வேணும்" என்று அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

முதலில் கண்

வலக்கைக்காரனுக்கு வலக்கை வில் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வருமாறு சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியாக, இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அது ஓங்கிய கண். வலக்கண் ஓங்கியிருந்தால் வலக்கை வில், அதாவது இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுப்பது. எழுதுவது வலக்கை, ஓங்கிய கண் இடது என்று சில பிள்ளைகளுக்கு மாறி இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் கண்ணைப் பின்பற்றுவதுதான் நல்லது. காம்பவுண்ட் வில்லைப் பிறகு இடது வலதாக மாற்ற முடியாது.

கை விரித்து அளப்பது

சுவரில் முதுகு சாய்த்து, கைகளைத் தோள் உயரத்தில் இரு பக்கமும் விரித்து நிற்க வேண்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளவெடுங்கள். இன்ச் கணக்கில் வந்ததை 2.5-ஆல் வகுத்தால் டிரா லெங்த். டேப்பில் சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் நேராக 6.35-ஆல் வகுத்துவிடுங்கள். 145 சென்டிமீட்டர் விரிவுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய 23 இன்ச் வரும். 130 என்றால் இருபதரை.

இது தொடக்கக் கணக்குதான். பிள்ளை இழுத்து நிற்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். உடம்பு பின்னால் சாய்ந்து, இழுக்கும் கை காதுக்குப் பின்னால் போய், நாண் முன்னங்கையை அறைந்தால் அளவு அதிகம். தோள் குறுகி, இழுக்கும் முழங்கை வெளிப்பக்கம் பிதுங்கி நின்றால் அளவு குறைவு.

பெற்றோர் விழும் பள்ளம் இங்கேதான். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஸ்வெட்டரை இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிறோமே, அந்தப் பழக்கம் வில்லில் வேண்டாம். நீளமான டிரா லெங்த்தில் பழகும் பிள்ளைக்குப் பின்னால் சாய்ந்து நிற்பதே நிலை என்று உடம்பில் பதிந்துவிடும். அதைக் கழற்றுவது கோச்சுக்குப் பெரிய வேலை. சந்தேகம் வந்தால் அரை இன்ச் குறைத்தே வையுங்கள்.

எவ்வளவு பவுண்டு

ஏழு முதல் ஒன்பது வயதுக்கு 10 முதல் 15 பவுண்டு, பத்து முதல் பன்னிரண்டுக்கு 15 முதல் 25, அதற்குமேல் 25 முதல் 35 என்று ஒரு தோராயம் உண்டு. பிள்ளையின் உடல்வாகைப் பொறுத்து இது நிறையவே மாறும். நாற்காலிச் சோதனை இதைவிட நம்பகமானது. பாதம் தரையில் படாதபடி நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை டார்கெட் நோக்கி நேராகப் பிடித்து இழுக்க வேண்டும். வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கித் தூக்கி இழுத்தாலோ, முதுகை வளைத்தாலோ பாரம் அதிகம். அம்பு மாட்டி, டார்கெட்டுக்கு எதிரில் இருந்துதான் இதைச் செய்ய வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

இழுக்க முடிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. இழுத்த வில்லை அம்பு விடாமல் மெதுவாகத் திரும்ப இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். லெட்-ஆஃப் இருப்பதால் இறக்கும்போது பாரம் திடீரென்று ஏறி, பிள்ளையை முன்னால் இழுக்கும். இறக்கத் தெரியாத பிள்ளை, பயத்தில் அம்பை விட்டுவிடும். முதல் நாள் பாடம் இறக்குவதாகவே இருக்கட்டும்.

விளம்பரத்தில் சொல்லாத இன்னொன்று: பல மாடல்களில் டிரா லெங்த்தைக் குறைத்தால் உச்ச இழுவையும் சேர்ந்து குறையும். 20 இன்ச்சில் வைத்த வில், பெட்டியில் போட்டிருக்கும் 70-ஐ எட்டாது. பிள்ளைக்கு அது நல்லதுதான்.

வில்லின் எடையை யாரும் பேசுவதில்லை. டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 13 முதல் 31 இன்ச் வரை, 5 முதல் 70 பவுண்டு வரை போகும். பேர் க்ரூஸர் ஜி2 12 முதல் 30 இன்ச் வரை, அதே 5 முதல் 70 பவுண்டு. இரண்டும் கெட்டிக்கார வில்கள். ஆனால் வெறும் வில்லே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கனக்கும். குறிபார்க்கும் சைட், அம்புக்கூடு, வில் ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசர் தண்டு எல்லாம் மாட்டினால் இரண்டு கிலோவை நெருங்கும். எட்டு வயசுப் பிள்ளை கையை நீட்டி இதை அரை நிமிஷம் பிடித்து நிற்க முடியாவிட்டால், 5 பவுண்டு இழுவையால் என்ன லாபம்? கை தாழ்ந்து அம்பெல்லாம் கீழேதான் போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குட்டி யூத் வில்லை முதலில் கொடுத்து, இரண்டு வருஷம் கழித்து இப்படி 5 முதல் 70 வரை போகும் வில்லுக்கு மாறுவதே என் யோசனை. செலவு கூடும்தான், ஆனால் பிள்ளை பாதியில் விட்டுவிடாது.

அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று பலர் பகிர்ந்து பழகப்போகிறீர்களா? மாத்யூஸ் நிறுவனத்தின் ஜெனிசிஸைப் பாருங்கள். 10 முதல் 20 பவுண்டு வரை திருத்தலாம், லெட்-ஆஃப் கிடையாது, சுவரும் கிடையாது. 15 முதல் 30 இன்ச் வரை கை உள்ள யாரும் எந்தத் திருத்தமும் இல்லாமல் இழுக்கலாம், அப்பாவும் விடலாம். அமெரிக்கப் பள்ளிகளில் வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் திட்டம் இந்த வில்லைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் போட்டிக்கான காம்பவுண்ட் பயிற்சிக்கு இது போதாது. லெட்-ஆஃபோடு குறிபார்க்கும் பழக்கம் இதில் வராது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

டிரா லெங்த்தை மாற்ற வில் பிரஸ் வேண்டுமா? இதுதான் முதல் கேள்வி. பிரஸ் என்பது வில்லின் கிளைகளை, அதாவது மேலும் கீழும் வளையும் இரு கைகளை, அமுக்கி நாணைத் தளர்த்தும் கருவி, வீட்டில் யாரும் வைத்திருப்பதில்லை. கேமில் இருக்கும் மாட்யூலை, திருகைத் தளர்த்தி வேறு துளைக்கு நகர்த்தினாலே அளவு மாறும் வில்லாகக் கேளுங்கள். அளவு மாற மாற வேறு மாட்யூல் வாங்கச் சொல்லும் வில் வேண்டாம். அந்தச் சின்னத் துண்டு எப்போது வந்து சேரும் என்று பார்சலை எதிர்பார்த்தே சீசன் போய்விடும்.

இரண்டாவது, நாண் தேய்ந்தால் யார் மாற்றித் தருவார்கள்? அதற்கு பிரஸ் கட்டாயம். கோவையிலோ பெங்களூருவிலோ பிரஸ் வைத்திருப்பவர் யார் என்பதை வில் வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

பேக்கேஜாக வரும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எல்லாம் ஆரம்பத்துக்குப் போதும். அம்பைச் சுற்றிலும் தூரிகை முடி பிடித்திருக்கும் விஸ்கர் பிஸ்கட் வகை ரெஸ்ட் பிள்ளைகளுக்கு நல்லது, நடுங்கும் கையிலும் அம்பு நழுவாது. பயிற்சியின்போது வில்லில் மாட்டும் அம்புக்கூட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். குட்டை வில்லில் நாண் கூர்மையாக மடங்கி விரலை நசுக்கும் என்பதால், நாணில் டி-லூப் எனும் சின்னக் கயிற்று வளையம் கட்டி, மணிக்கட்டுப் பட்டையுள்ள ரிலீஸ் எனும் கொக்கியால் இழுப்பதே வழக்கம். அதன் டிரிகரைத் தட்டினால் நாண் விடுபடும். பட்டை பிள்ளையின் மணிக்கட்டுக்கு இறுகுகிறதா என்று போட்டுப் பாருங்கள், பெரியவர் சைஸ் ஆடும். இழுத்து முடித்து குறி நிலைக்கும்வரை விரல் டிரிகருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பாதியில் தட்டிவிட்டால் கை முகத்தில் வந்து விழும்.

பழைய வில் வாங்குவதானால் கிளைகளின் மேல் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறலோ பிளவோ இருக்கிறது, வேண்டாம். கேமின் பள்ளம் நெளிந்திருந்தாலும் வேண்டாம்.

அம்பு

வில்லை யோசித்து வாங்கிவிட்டு, அம்பைக் கைக்குக் கிடைத்ததில் எடுப்பவர்கள் அதிகம். அம்பின் விறைப்பை ஸ்பைன் எண் சொல்லும். எண் பெரிதாக ஆக அம்பு வளைவது அதிகம். குறைந்த பவுண்டுக்கு 1000 போன்ற பெரிய எண், பவுண்டு ஏற ஏறச் சின்ன எண். தயாரிப்பாளரின் அட்டவணையில் டிரா வெயிட்டையும் அம்பின் நீளத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீளத்தில் மட்டும் "பெரிதாக வாங்கு" என்ற பழைய புத்தி செல்லும். முழுதாக இழுத்தபோது அம்பின் முனை ரெஸ்டைத் தாண்டி இரண்டு இன்ச்சாவது வெளியே நிற்கட்டும். பிள்ளை வளர்ந்து, டிரா லெங்த்தைக் கூட்டி, அம்பு மட்டும் பழையதாக இருந்தால் முனை ரெஸ்டிலிருந்து உள்ளே விழும். அந்த நிலையில் விட்டால் அம்பு கையில் ஏறும்.

எடை குறைந்த அம்பும் ஆபத்து. ஒரு பவுண்டு இழுவைக்கு 5 கிரெய்னாவது அம்பு எடை வேண்டும் என்பது பரவலான அடிமட்டக் கணக்கு. 40 பவுண்டுக்கு 200 கிரெய்ன், அதாவது 13 கிராம். அம்பு லேசாக இருந்தால் சக்தி அம்பில் ஏறாமல் வில்லிலேயே திரும்பி அடிக்கும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் அது இன்னும் மோசம். அதைத்தான் டிரை ஃபயர் என்கிறோம். கிளை பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளி மாமாக்கள் வில்லைப் பார்த்ததும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். வில்லைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் இரு கையாலும் லேசாக வளைத்து, காதருகே சத்தம் கேட்டுப் பாருங்கள். "கிரிக்" என்றால் உடைத்துப் போட்டுவிட வேண்டும், இன்னொரு தரம் விடக் கூடாது.

வீட்டில் திருத்துவது

கிளைகளை வில்லோடு பிணைக்கும் இரண்டு பெரிய திருகுகள்தான் டிரா வெயிட்டை மாற்றுபவை. முதலில் இரண்டையும் வலப்பக்கம் முழுதாக இறுக்குங்கள். அது அந்த வில்லின் உச்சம். அங்கிருந்து இடப்பக்கமாக மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று சமமாகத் தளர்த்த வேண்டும். அதிகபட்சம் எத்தனை சுற்று என்று கையேட்டில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் கிளை கழன்று தெறிக்கும். எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்பதை ஒரு டேப் துண்டில் எழுதிக் கிளையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வெயிட்டை ஏற்றுவதானால் ஒரு தரத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். பழைய பாரத்தில் கடைசி அம்புவரை களைப்பில்லாமல் விட முடிந்த பிறகே அடுத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை விரிவை அளந்து எழுதி வையுங்கள். மாட்யூலை நகர்த்தும்போது இரண்டு கேம் இருந்தால் இரண்டிலும் ஒரே துளையில் வைக்க வேண்டும். நாணில் இருக்கும் பீப் சைட், அதாவது குறிபார்க்கும் சின்ன ஓட்டை, கண்ணுக்கு நேராக வருகிறதா, அம்பு நீளம் போதுமா என்று உடனே பாருங்கள். பீப் நகர வேண்டுமென்றால் பெரும்பாலும் பிரஸ்தான் வழி. அதனால் அதை மட்டும் சேர்த்து வைத்து, கோவைக்கு வேறு வேலையாகப் போகும்போது முடித்துக்கொள்ளலாம்.

மலைக்கே உரிய சங்கதிகள்

ஸ்வெட்டர். சமவெளியில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இது இல்லை. தொளதொளவென்ற ஸ்வெட்டர் கையோ ஜெர்கினின் நெஞ்சுப் பக்கமோ நாணில் மாட்டினால் அம்பு எங்கேயோ போகும். மஃப்ளர், தொப்பி வைத்த ஜெர்கினின் கயிறு எல்லாம் கழற்றிவிட்டு, இறுக்கமான உள்சட்டையும் கைக்காப்பும் நெஞ்சுக்காப்பும் போட வேண்டும். காது மூடும் குல்லா கன்னத்தில் கை பதியும் இடத்தை மாற்றிவிடும். தினமும் குல்லாவோடுதான் பழகுவது என்றால் குல்லாவோடே சைட் பிடியுங்கள்.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரிக் காலையில் உடம்பு சூடேறாமல் இழுப்பது தோளுக்குக் கேடு. வெயில் வரட்டும். மஞ்சு இறங்கும் மாலையில் பீப் ஓட்டையிலும் கண்ணாடியிலும் துளி கோத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டிய காரணம் வேறு. டார்கெட்டின் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாவிட்டால் அம்பு விடக் கூடாது. சிறுவர் வில்லின் அம்பும் நூறு மீட்டர் தாண்டும்.

இடம் பார்ப்பதுதான் மலையில் கஷ்டம். தட்டையான நிலம் கிடைப்பதில்லை. மண் வெட்டிய சரிவு பின்னால் இருந்தால் நல்ல தடுப்பு, ஆனால் கல் துருத்திக்கொண்டிருந்தால் அம்பு எகிறித் திரும்பும். சரிவில் கீழ்நோக்கி விடாதீர்கள், கீழே எப்போதும் ஒரு பாதையும் வீடும் இருக்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி விடுவதாக இருந்தால் அம்புகளை எண்ணி எடுத்துப் போய் எண்ணியே திரும்புங்கள். செடிக்குள் முறிந்து கிடக்கும் கார்பன் சிலாம்பு, கொழுந்து பறிக்கும் கையைக் கிழிக்கும். பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் இறகுகள் தேடுவதை எளிதாக்கும். டார்கெட் 10 மீட்டரில் தொடங்கட்டும். போட்டியின் 50 மீட்டர் எங்கேயும் ஓடிப்போய்விடாது.

இந்த மலைக்கு வில் புதிதல்ல. தோடர் சமூகத்தில் கருவுற்ற பெண்ணுக்குக் கணவன் சின்ன வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு உண்டு, பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதை அதுவே சொல்லும். ஆனால் உங்கள் காம்பவுண்ட் வில்லோடு காட்டோரம் போவது வேறு கதை. வனவுயிர் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவது குற்றம். முதுமலை வழியாகப் பயணம் என்றால் வில்லைப் பெட்டியில் பூட்டி, அடையாள அட்டையோ கிளப் கடிதமோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டருகே பயிற்சி நேரத்தில் காட்டெருமை வந்தால் வில்லை இறக்கிவிட்டு உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மழை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களில் வெளியில் முடியாது. கார் ஷெட்டில் மூன்று நான்கு மீட்டர் தூரத்தில், புள்ளி ஒட்டாத வெற்று டார்கெட்டில் விட்டு நிலையைப் பழகலாம். ஈரம் பட்ட வில்லை அடுப்பருகே காய வைக்காதீர்கள். துணியால் துடைத்து, நாணுக்கு மெழுகு தடவி, திறந்த பெட்டியில் ஒரு நாள் விடுங்கள். போட்டிக்கு மேட்டுப்பாளையம் இறங்கினால் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப் போகக் கூடாது. வெயிலில் காரின் உள்சூடு கிளையையும் நாணையும் கெடுக்கும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், சமவெளியில் அதே சைட்டுக்கு அம்பு கொஞ்சம் தாழ விழலாம். 20 மீட்டரில் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. 50 மீட்டருக்கு வந்த பிறகு, போட்டிக்கு முந்தின நாளே போய் சைட்டைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கையேடு, ஆலன் கீ, கழற்றி வைத்த திருகுகள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் இந்த வில்லைத் தாண்டி பிள்ளை வளர்ந்ததும், வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்த டப்பாவைத்தான்.